அப்பாவின் படகும் அந்த நாலு மணி நேரமும்

பெயிண்ட் உரிந்து வந்த விதத்தைப் பார்த்துத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். பழைய பெயிண்ட் என்றால் பொடியாகக் கொட்டும், செதில் செதிலாக உதிரும். இது அப்படி இல்லை. படகின் அடிப்பக்கம் ஒரு விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகக் கழன்று வந்துவிட்டது. அந்தத் துண்டை வளைத்தால் வளைகிறது, உடையவில்லை. நாலைந்து கோட்டு பெயிண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தகட்டை மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. கீழே அலுமினியம் பளபளவென்று, இத்தனை வருஷமும் அதன்மேல் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

14 அடிப் படகு. தகடுகளைத் துளைத்து, ரிவெட் என்ற தலையுள்ள உலோக ஆணிகளை அடித்துச் சேர்த்தது. தகட்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்பா வாங்கும்போதே அது பழையது. எனக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தது அதில்தான். தம்பி தூண்டிலில் முதல் மீன் பிடித்ததும் அதில்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அப்பா தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பார். நல்ல எனாமல், நல்ல பிரஷ், அவசரப்படாத கை. அப்படியும் அடிப்பக்கம் ஒவ்வொரு தடவையும் உரிந்துவிடும். "இந்தப் படகுக்கும் பெயிண்டுக்கும் ஆகாதும்மா" என்பார். இப்போது முழங்கால் வலி, குனிந்து வேலை செய்ய முடியாது. அதனால் இந்தத் தடவை வேலை என்னிடம் வந்தது. மறுபடியும் மேலே ஒரு கோட்டு அடிக்க எனக்கு மனசில்லை. ஏன் உரிகிறது என்று தெரிந்துகொண்டு, தகடு வரைக்கும் போய், அங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

காரணம் தகட்டிலேயே இருக்கிறது. அலுமினியத்தைத் தேய்த்துப் புதுத்தகடு வெளியே வந்த கணமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இரும்பின் துரு பொரிந்து உதிரும், கீழே இருக்கும் இரும்பையும் அடுத்தடுத்துத் தின்னும். இந்தத் தோல் அப்படி உதிராது. உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பதைக் காப்பாற்றும். வெறும் அலுமினியப் படகுகள் ஏரியில் பல வருஷம் பெயிண்டே இல்லாமல் கிடக்க முடிவது இதனால்தான். ஆனால் ஈரமும் அழுக்கும் சேரச் சேர அந்தத் தோல் தடித்து, மேலே பொடிப்பு ஏறிவிடும். அதன்மேல் சாதாரண எனாமலைத் தடவினால் பெயிண்ட் உட்காருவது அந்தப் பொடிப்பின் மேல். அப்பா அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தகட்டைக் கொண்டுவந்துவிட்டு, "நல்லா காயட்டும்" என்று ஒரு வாரம் விட்டு, அதன்பிறகு நேரடியாக எனாமல் அடித்திருக்கிறார். மரத்துக்கு அது சரியான வழி. அலுமினியத்துக்கு அந்த ஒரு வாரம்தான் எமன்.

படகைக் கவிழ்த்து, பழைய கம்பளம் சுற்றிய இரண்டு மரக்குதிரைகள் மேல் ஏற்றி வைத்தோம். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் தேய்த்தால் அந்த எண்ணெயை நாமே கீறலுக்குள் அழுத்தி வைத்துவிடுவோம். அதனால் எந்தத் தேய்ப்புக்கும் முன்னால் கழுவல். இதில் மட்டும் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு பெயிண்ட் ரிமூவர். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த ரிமூவரை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், சூடும் ஏறும். அப்பாவுக்கு நம்பிக்கை வராததால், கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய தகட்டுத் துண்டில் சில துளி விட்டுக் காட்டினேன். நுரைத்துப் பொங்கி, அந்த இடம் கறுத்துப்போனது. "ஐயோ, இதையா போன தடவை வாங்கிட்டு வந்து மூலையில வெச்சேன்" என்றார். நல்லவேளை, அந்த டப்பாவை அவர் திறக்கவில்லை. மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி ஆளைக் கொல்லும். மூடிய அறைகளில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-ல் வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவரில் அதைத் தடை செய்ததே அதனால்தான். நான் எடுத்தது பென்சைல் ஆல்கஹால் உள்ள, அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்த ஜெல். மெதுவாகத்தான் வேலை செய்யும். கனமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தாளைத் தூக்கினால் பெயிண்ட் சுருங்கி எழும்பி நின்றது. பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் மொத்தமாக வருகிறது.

இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு நார் இரண்டையும் நான் அந்தக் கொட்டகைக்குள்ளேயே விடவில்லை. அவை தேயும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் குத்தி உட்கார்ந்துவிடும். பிறகு பெயிண்டுக்கு அடியில் அந்தப் புள்ளிகள் துருப்பிடிக்கும், சுற்றியிருக்கும் அலுமினியமும் அரிக்கும். நைலான் பிரஷும் தேய்க்கும் நார்ப்பட்டையும் போதும். மணல் பீய்ச்சி அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்று தம்பி கேட்டான். தடித்த தகட்டில் தெரிந்த கை செய்தால் சரி. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் மணலை அழுத்தமாக அடித்தால் தகடு நெளிந்துவிடும். நெளிந்த தகட்டை யார் நிமிர்த்துவது?

அடிப்பக்கம் இரண்டே நாளில் வெறும் தகடானது. பக்கச்சுவர்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. அப்பாவின் பச்சை, அதற்குக் கீழே அப்பாவின் நீலம், அதற்குக் கீழே யாரோ அடித்த சாம்பல், அதற்கும் கீழே தொழிற்சாலை வெள்ளை. வெள்ளைக்கு அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மெல்லிய படலம். அது தகட்டை விடுவதாக இல்லை. ஜிங்க் குரோமேட் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் தகட்டின்மேல் அடிக்கும் அடிப்பூச்சு. விமானங்களுக்கு அடித்த அதே வகை. இத்தனை வருஷம் கழித்தும் பக்கச்சுவரில் பெயிண்ட் நின்றதற்கு அந்தப் படலம்தான் காரணம். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரும். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும். அந்த நிறத்தைப் பார்த்ததும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பிறகு பக்கச்சுவரில் உலர்ந்த தேய்ப்பே கிடையாது. எல்லாம் ரிமூவர், எல்லாம் ஈரம். துகளைத் தடுக்கும் பி-100 வடிகட்டி போட்ட முகமூடி, கையுறை, கீழே தார்ப்பாய். சுரண்டி எடுத்ததையெல்லாம் மூடி போட்ட வாளியில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தேன். அந்த ஈரத் துணிகளைக்கூட மண்ணில் போடவில்லை.

தூசியைப் பற்றி இன்னொன்று. மெல்லிய அலுமினியத் தூளே தீப்பற்றும், அடைத்த இடத்தில் காற்றில் கலந்தால் வெடிக்கும். இரும்பு அறுத்த அதே மூலையில், துருத்தூள் கிடக்கும் தரையில் இதைக் குவிய விடக்கூடாது. அலுமினியத் தூளும் துருத்தூளும் சேர்ந்தால் அது தண்டவாளத் துண்டுகளை உருக்கி ஒட்டுகிற தெர்மைட் கலவை. தேய்க்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு படகை நிமிர்த்தி உள்ளே போனோம். பின்பலகையில் எஞ்சின் மாட்டுவதற்கு ஒரு மரப்பலகை இருந்தது. மக்கிப்போனதை எடுத்துவிட்டுப் பல வருஷம் முன்னால் அப்பா புதிதாகப் போட்டது. செல் அரிக்காத, மருந்து ஏற்றிய பலகை என்று தேடிப் பிடித்துப் போட்டார். அதைக் கழற்றினால் பின்னால் தகடு முழுக்க வெள்ளைப்பொடி. ஈரத்துணியால் துடைத்தபோது பொடி போய், மிளகு அளவுக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. மருந்து ஏற்றிய மரத்தில் பெரும்பாலும் இருப்பது செம்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் பேட்டரி போல மின்சாரம் ஓடும். கரைந்து போவது அலுமினியம். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கிய தண்ணீர் காயவே காயாது. அதனால் வருஷக்கணக்கில் அந்த அரிப்பு நின்றதே இல்லை.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தக் குழிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ரொம்ப நாள் உழைக்கணும்னுதானேம்மா அந்தப் பலகையைப் போட்டேன்." நான் குழியின் ஆழத்தை அளந்து காட்டினேன். ஒன்றுகூடப் பாதிக் கனத்தைத் தாண்டவில்லை. "தகடு இன்னும் இருக்குப்பா. ஓட்டை ஒண்ணும் இல்ல." அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட எழுந்தார். புதுப்பலகைக்குக் கடல் தர ஒட்டுப்பலகை எடுத்தேன். வெட்டின ஓரங்கள், போல்ட் ஓட்டைகளின் உட்சுவர், எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று கோட்டு எபாக்சி, அதாவது இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பிசின். போல்ட்டுகள் எவர்சில்வர். அவையும் அலுமினியத்துக்கு ஆகாத உறவுதான் என்பதால் நைலான் வாஷரும், போல்ட்டின் புரியில் அரிப்பைத் தடுக்கும் மசகும் போட்டுத்தான் முடுக்கினேன்.

நடு இருக்கைக்கு அடியில் இருந்ததை முதலில் நான் கீறல் என்று நினைத்தேன். விளக்கை அருகில் பிடித்தபோதுதான் எண்கள் தெரிந்தன. 36, 11½, ஒரு அம்புக்குறி. அப்பாவின் கையெழுத்து. இருக்கைக்கு அளவெடுத்து பென்சிலால் எழுதியிருக்கிறார். பென்சிலில் இருப்பது கிராஃபைட். அலுமினியத்துக்கு அதுவும் செம்பைப் போலத்தான். விமானத் தகடுகளில் பென்சிலால் கோடு போடவே விட மாட்டார்கள். ஈரம் பட்டுப் பட்டு, எழுதின கோட்டின் மேலேயே தகடு மெல்ல அரித்து, எண்கள் செதுக்கினது போல நின்றுவிட்டன. நார்ப்பட்டையால் தேய்த்துக் கரியை எடுத்தேன். கரி போய்விட்டது. எண்கள் போகவில்லை. குழி ஆழமாக இல்லாததால் புட்டி போட்டு நிரப்பவும் தேவைப்படவில்லை. நிரப்பாமல் விட்டேன்.

ரிவெட்டுகளுக்கு வருகிறேன். படகைச் சமமாக நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றினோம். கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஆனால் தண்ணீரின் எடையை மறந்துவிடக் கூடாது. இந்த அளவுப் படகில் பத்து சென்டிமீட்டர் நின்றாலே நானூறு கிலோவுக்குப் பக்கம் வரும். இரண்டே மரக்குதிரையில் நின்றால் அடி வளைந்துவிடும். நீளம் முழுக்க முட்டுக் கொடுத்துவிட்டு ஊற்றினோம். கால்மணி நேரத்தில் அடியில் துளிகள் தொங்க ஆரம்பித்தன. நான் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மெழுகுக் கட்டியால் வட்டம் போட்டேன், பென்சிலால் இல்லை. மொத்தம் 14.

தளர்ந்த ரிவெட்டை மறுபடி இறுக்க இரண்டு பேர் வேண்டும். படகைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். அப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கனமான இரும்புக் கட்டை ஒன்றை ரிவெட்டின் தலைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே மண்டியிட்டு அதன் வாலைச் சுத்தியலால் அடித்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "பிடிச்சிட்டேன், அடி" என்று குரல் வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். தளர்ந்த ரிவெட்டில் அடித்தால் சத்தம் மொத்தென்று விழும். நாலைந்து அடியில் அது மாறி, கணீரென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆச்சு" என்போம். பாத்திரக்காரர் தெருவில் வளர்ந்தவர் மாதிரி அப்பாவுக்கு அந்தச் சத்தம் அப்படிப் பிடிபட்டுவிட்டது. நான் இன்னொரு அடி போட நினைக்கும்போதே "போதும், அடிச்சா தலை வெடிச்சிடும்" என்பார். சரியாகத்தான் இருக்கும். பதினொன்று இப்படி இறுகின. மூன்று ரொம்பத் தேய்ந்திருந்தன. அவற்றைத் துளைத்து எடுத்துவிட்டு, முனை மூடின அலுமினிய ரிவெட்டைப் பாலியூரித்தேன் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவிப் போட்டேன்.

சிலிகான் சீலன்டை மட்டும் தயவுசெய்து பெயிண்ட் அடிக்கப்போகும் எதன்மேலும் போடாதீர்கள். ஒரு காலத்தில் கசிவை நிறுத்த யாரோ நாலு ரிவெட்டைச் சுற்றி சிலிகான் அப்பியிருந்தார்கள். சிலிகான் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. தின்னர் போட்டுத் துடைத்தால் போகாமல் சுற்றிலும் படர்ந்து இன்னும் பெரிய இடத்தைக் கெடுக்கும். பிளாஸ்டிக் கத்தியால் கீறி எடுத்து, அந்த இடத்தை மட்டும் புதுத்துணி, புது உப்புத்தாள் என்று தனியாகத் தேய்த்தேன். அந்த நாலு ரிவெட்டுக்கு ஒரு நாள் போயிற்று.

இனி அந்த நாலு மணி நேரம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தகட்டைக் கடைசியாகத் தேய்த்ததிலிருந்து முதல் பிரைமர் கோட்டு விழும் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். என் பிரைமர் டப்பாவின் தாளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நாலு. முதல் தடவை நான் அதை மீறினேன். அடிப்பக்கம் முழுவதையும் ஒரே நாளில் தேய்த்து முடித்தபோது இருட்டிவிட்டது. கை மரத்துப் போயிருந்தது. தகடு அத்தனை அழகாக, வெள்ளி மாதிரி இருந்தது. காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று துணி போட்டு மூடிவிட்டுப் போனேன். ராத்திரி பனி இறங்கி, துணிக்கு அடியிலும் ஈரம் கோத்துவிட்டது. காலையில் வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பலாக வருகிறது. அழகாக இருக்கிறது என்று அப்படியே அடித்திருந்தால், அப்பாவுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கும். முழுவதையும் மறுபடி தேய்த்தேன்.

அன்றைக்கே படகை மாஸ்கிங் டேப் ஒட்டி ஆறு பாகமாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பாகம். அதை மட்டும் முழுசாக முடிப்பது. காலையில் தின்னர் துடைப்பு, இரண்டு துணி முறையில். ஒரு துணி நனைந்தது, பிசுக்கைக் கரைக்கும். அது காய்வதற்கு முன்னால் இரண்டாவது உலர்ந்த துணி அதை எடுத்துவிடும். நனைந்த துணியால் மட்டும் துடைத்துவிட்டு விட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் பரவிக் காயும். துணி கறுத்தால் மாற்ற வேண்டும். துணியில் சிக்கனம் பிடித்து ஒரு லாபமும் இல்லை. அடுத்து 80-ம் நம்பர் உப்புத்தாள், அதற்குப் பின் 120. வழவழப்பு வேண்டியதில்லை, பிரைமர் பிடித்துக்கொள்ளக் கீறல் வேண்டும். ரிவெட் தலைகளைச் சுற்றி உப்புத்தாள் போகாது. அங்கே நார்ப்பட்டையை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். ஒரு பாகத்தில் நூற்றுக்கு மேல் ரிவெட் இருந்தது. என் விரல்கள் அதை மறக்காது.

பிறகு பாஸ்பாரிக் அமிலம் நீர்த்த கழுவல். தகட்டில் காயவிடாமல் சில நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, ஏராளமான நல்ல தண்ணீரால் அலசி எடுக்க வேண்டும். அலசும்போதே சோதனையும் நடந்துவிடும். தண்ணீர் தகட்டின்மேல் ஒரே கண்ணாடித் தாள் மாதிரி படர்ந்து நின்றால் தகடு சுத்தம். எங்கேயாவது தண்ணீர் விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. "அக்கா, இங்க உருளுது பாரு" என்று தம்பி காட்டின இடம் சரியாக ஒரு கைத்தடம். அவன் சற்று முன்னால் கையுறை இல்லாமல் சாய்ந்த இடம். அவ்வளவு போதும், ஒரு உள்ளங்கை வியர்வை. அந்த இடத்துக்குத் துடைப்பிலிருந்து மறுபடி.

அலசின தகட்டைக் காற்று ஊதி, துணியால் ஒற்றி, தகட்டுச் சேர்மானங்களில் தேங்கின தண்ணீரை வெளியேற்றி, உடனே பிரைமர். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி: ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். பழைய தொழிலாளிகள் சிலர் முதலில் அமிலம் கலந்த எட்ச் பிரைமரை ஒரு கோட்டு அடித்துவிட்டு அதன்மேல் எபாக்சி போடுவார்கள். எட்ச் பிரைமர் நல்ல பொருள், வேகமாகக் காயும். ஆனால் அதிலுள்ள அமிலம் சில எபாக்சிகளின் ஹார்டனரோடு ஒத்துப்போகாது. மேலே போட்டது சரியாக இறுகாமல் மெத்தென்று நின்றுவிடும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொருளாக இருந்து, சேரும் என்று அவர்களே எழுதியிருந்தால் ஒழிய நான் அந்த வழிக்குப் போக மாட்டேன். தண்ணீருக்குக் கீழே போகும் தகட்டுக்கு நேரடியாக எபாக்சி என்பதுதான் என் முடிவு.

கலவை டப்பாவில் சொன்னபடி அளந்து. கண்மதிப்பு இங்கே ஆகாது. ஹார்டனர் குறைந்தாலும் இறுகாது, கூடினாலும் இறுகாது. கலந்த பிறகு என்னுடையதைக் கால்மணி நேரம் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் தகட்டைத் தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்பான துணியால் கடைசியாக ஒரு முறை துடைத்தேன். முதல் கோட்டு மெல்லியது, தகட்டின் நிறம் கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை. ரிவெட் தலைகளுக்கு மட்டும் ரோலருக்கு முன்னால் பிரஷால் குத்திக் குத்தி வைத்தேன். ரோலர் தலைக்கு மேலே போய்விடும், அடிவிளிம்பை விட்டுவிடும். நீர் நுழைவது அந்த விளிம்பில்தான். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் போன ஒரு நாள் எதையும் தொடவில்லை. தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல் பிரைமர் விழும்.

ஆறு பாகமும் ஒரு சுற்று முடிந்ததும் படகு ஒரே சாம்பல் நிறமாக நின்றது. குழிகளுக்கு எபாக்சி புட்டியை அதன்மேல் போட்டேன். கார் பட்டி பார்க்கிற பாலியஸ்டர் புட்டி தண்ணீரை உறிஞ்சும், நீருக்கு அடியில் போகும் இடத்துக்கு அது உதவாது. பிறகு இன்னும் இரண்டு கோட்டு பிரைமர். ஒன்றின்மேல் ஒன்று அடிக்கக் கொடுத்திருக்கும் கால அவகாசத்துக்குள் அடித்தால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். தாண்டிவிட்டால் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஈரமான காற்றில் காய்ந்த எபாக்சியின் மேல் சில நேரம் மெழுகு மாதிரி பிசுபிசுப்பு ஏறும். அதைத் தேய்க்கும் முன்னால் தண்ணீரும் நார்ப்பட்டையும் வைத்துக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிசுக்கு உள்ளேயே போய்விடும்.

மேல் பெயிண்டுக்கு நிறம் அப்பா சொன்னது. "பழைய நீலம்." பச்சைக்கு முந்தைய அந்த நீலம். உரிந்து வந்த துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டி அதே நிறம் கலந்து வாங்கினேன். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்தான் அதிக நாள் உழைக்கும், ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்ப்ரே செய்தால் வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும். மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் வரும். அந்த வசதி எங்களிடம் இல்லை. ஒற்றை டப்பா பாலியூரித்தேனை ரோலரால் அடித்தோம். நான் நுரை ரோலரால் ஒரு முழ அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்பிக்கொண்டே போக, தம்பி நல்ல பிரஷின் நுனியை மட்டும் வைத்து குறுக்காக ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டே வருவான். குமிழெல்லாம் உடைந்து அது தானாகச் சமமாகும். ஓரம் காய்வதற்குள் அடுத்த பாகம் சேர வேண்டும். திரும்பிப் போய்த் தொடக் கூடாது. மதியம் மூன்றுக்குப் பிறகு தொடங்கவும் கூடாது. மாலைப் பனி விழுந்தால் பளபளப்பு மங்கிவிடும். மூன்று கோட்டு, நடுவில் 320-ம் நம்பர் தேய்ப்பு. உள்ளே வெளிர் சாம்பல், வெயிலில் கண்ணைக் கூசாதது, வெறுங்காலைச் சுடாதது. நிற்கிற இடத்தில் மட்டும் வழுக்காத மணிகள் தூவினேன்.

எங்கள் படகு ஏரியில் ஓடி, அன்றைக்கே கரையேறிவிடும். அடியில் பாசி தடுக்கும் பெயிண்ட் தேவையில்லை. கடலில் நிரந்தரமாகக் கட்டி வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாசி தடுக்கும் பெயிண்டுகளில் பெரும்பாலானவற்றில் செம்பு ஆக்சைடு இருக்கும். பலகைக்குப் பின்னால் நான் பார்த்த குழிகளை அது அடி முழுக்கச் செய்துவிடும். அலுமினியத்துக்கு என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். 1895-ல் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்துக்காக நத்தானியல் ஹெரஷாஃப் கட்டின 'டிஃபெண்டர்' என்ற பாய்மரப் படகைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. எடை குறைக்க நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியம், கீழே வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம். பந்தயத்தை வென்றது. கடல் தண்ணீரில் அந்த மூன்று உலோகமும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்து, 1901-ல் உடைத்தே போட்டுவிட்டார்கள். ஆறு வருஷம். அப்பாவின் படகு அதைப்போல ஏழெட்டு மடங்கு காலம் ஓடியிருக்கிறது.

முழுசாக இறுக 7 நாள் விடச் சொல்லியிருந்தது டப்பாவில். அப்பா தினமும் காலையில் போய்ப் பார்த்தார், தொடவில்லை. எட்டாம் நாள் கட்டைவிரலை அழுத்தி வைத்து எடுத்தார். தடம் விழவில்லை. உட்புறம் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். மூன்று கோட்டு பிரைமர், இரண்டு கோட்டு சாம்பல் எல்லாவற்றுக்கும் கீழே, 36-ம் அந்த அம்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் லேசாகத் தெரிகின்றன. "இத ஏன் அடைக்கல?" என்று கேட்டார். "அளவு தேவைப்படும்ல" என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

நேற்று தண்ணீரில் இறக்கினோம். அப்பா நடு இருக்கையில், தம்பி பின்னால், துடுப்பு என் கையில். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே தேடினால் முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரே ஒரு ரிவெட்டில் துளி எட்டிப் பார்க்கிறது. பதினொன்றில் ஒன்று. மெழுகுக் கட்டியால் வட்டம் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டையைப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.